வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே

பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, அவ்வளவுதான். வீட்டிலும் தெருவிலும் அவன் நடத்தும் கைப்பேசி ரிப்பேர் கடையிலும் அவன் கழட்டிதான். நடக்கப் பழகிய நாளிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பார்த்தவன். அப்பாவின் கைக்கடிகாரம், அம்மாவின் மிக்ஸி, அக்காவின் தையல் மிஷின், ஒன்றும் தப்பவில்லை. பாதி திரும்ப ஓடின. ஓடாத பாதியைப் பற்றிக் கேட்டால், "அது ஏற்கெனவே போயிருந்துச்சு" என்பான். முகத்தில் ஒரு கோடு மாறாது. "இவன் வெயில் அடிக்குதுன்னு சொன்னாக்கூட நான் ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டுத்தான் நம்புவேன்" என்பாள் அக்கா.

அக்காவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை, செக்கிங் பகுதியில். தைத்து வரும் சட்டையை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, விட்டுப்போன தையலையும் எண்ணெய்க் கறையையும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவள் கண்ணில் மண்ணைத் தூவ அங்கே ஒருத்தராலும் முடிந்ததில்லை. தைக்கிறவர்களுக்கு அவளைக் கண்டால் எரிச்சல், சூப்பர்வைசருக்கே கொஞ்சம் பயம். அப்படிப்பட்டவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். "அங்க மட்டும்தாண்டா எனக்குக் குத்தம் கண்டுபிடிக்கிற வேலை இல்ல" என்பாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு வீட்டில் மிச்சம் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். கல்யாணப் பேச்சை ஒருவரிடம் ஒருவர் எடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

தொலைநோக்கி வாங்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மாதக்கணக்கில் படித்தாள், விசாரித்தாள், பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு துருவ மாட்டார்கள். கடைசியில் ஒரு நாள் கடைக்குப் போனபோது தம்பியையும் கூட்டிக்கொண்டு போனாள். சுமக்க ஆள் வேண்டுமே.

கடைக்காரர் முதலில் காட்டியது, அடியில் குழிந்த கண்ணாடி வைத்த பெரிய வகை. குண்டாக, ஒரு தண்ணீர் டிரம் அளவுக்கு இருந்தது.

"அதே விலைக்கு இது ரெண்டு மடங்கு பெருசு மேடம்."

"குறை என்ன?" என்றாள் அக்கா. தொழில் புத்தி.

"குறைன்னு இல்ல. உள்ள இருக்கிற கண்ணாடி அப்பப்ப கொஞ்சம் ஆடிடும். பின்னாடி ஸ்க்ரூ இருக்கு பாருங்க, நீங்களே திருகி நேராக்கிக்கலாம்."

ஸ்க்ரூ என்ற சொல் காதில் விழுந்ததும் தம்பி குனிந்து பின்பக்கத்தை ஆராய ஆரம்பித்துவிட்டான். அக்கா அவனைப் பார்த்தாள், பிறகு கடைக்காரரைப் பார்த்தாள்.

"இது வேணாங்க. வீட்ல இவன் இருக்கான்."

அடுத்து வந்தது ரிஃப்ராக்டர். நீளமான வெள்ளைக் குழாய், முன்னால் லென்ஸ், பின்னால் கண் வைக்கிற இடம். சின்னப் பிள்ளை படம் வரைந்தால் தொலைநோக்கியை எப்படி வரையுமோ அப்படியே இருந்தது. "முன்னாடி ரெண்டு லென்ஸை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து அங்கயே பொருத்தி அனுப்பிடறாங்க. மூடியைத் திறந்தா பாக்கலாம். ஆயுசுக்கும் உள்ள கை வைக்கவே வேண்டாம்" என்றார் கடைக்காரர்.

"கை வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. இவனுக்குக் கேக்கற மாதிரி."

அதையும் அவள் சும்மா வாங்கிவிடவில்லை. வாசலுக்குத் தூக்கி வரச் சொல்லி, தூரத்தில் இருந்த கோபுர ஆன்டெனாவைப் பார்த்தாள். "ஓரத்துல ஊதா கசியுதே" என்றாள். விலை குறைந்த லென்ஸில் அது இருக்கத்தான் செய்யும் என்று அவர் சொன்னார். இன்னொன்று காட்டச் சொன்னாள். கசியாத ஒன்று இருந்தது, ஆனால் விலை கூட, அளவும் சின்னது. கடைக்காரர் களைத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்த பிறகு அக்கா அந்தச் சின்னதைத் தேர்ந்தெடுத்தாள். "கொஞ்சமாத் தெரிஞ்சாலும் சுத்தமாத் தெரியணும்" என்றாள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைத் தம்பி அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

முதல் நாள் சாயங்காலம் அவள் பிடித்துக் காட்டியது சனி. மாடியில் துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு டீச்சர் அதைக் கேட்டு, "ஊர்ல எல்லாரும் சனி விட்டாப் போதும்னு இருக்காங்க, நீ காசு குடுத்துச் சனியனை வாங்கிட்டு வந்திருக்கே" என்றார். எட்டிப் பார்த்த பிறகு, கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கறுப்பு வட்டத்துக்குள் ஒரு சின்ன மஞ்சள் பந்து, அதைச் சுற்றி ஒட்டாமல் ஒரு வளையம்.

தம்பி பார்க்கும்போது வட்டம் காலியாக இருந்தது. "எங்கக்கா? காணோம்."

"ஓடிப்போச்சு. பூமி சுத்துதில்ல, கொஞ்சம் அசந்தாப் போயிடும். நாம கூடவே போகணும்." கால்களுக்கு மேலே குழாயைத் தாங்கும் இடத்தில் ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, அதன் நுனியில் ஒரு திருகு. அவள் கண்ணைக் குழாயில் வைத்து, ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி இரண்டு விரலால் அந்தத் திருகை நகர்த்தினாள். "வட்டம் காலியா இருந்தா கத்தாதே, திருகு. இப்பப் பாரு. பந்துக்கும் வளையத்துக்கும் நடுவுல கறுப்பா ஒரு சந்து தெரியுதா?"

"தெரியுது."

"அது தெரிஞ்சா லென்ஸும் நல்லாருக்கு, நம்ம கண்ணும் நல்லாருக்குன்னு அர்த்தம்."

அதன்பிறகு அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். அதைச் சொல்ல வேண்டும். அக்கா திருகைத் தொடாமல் அந்தக் குழாயில் கண் வைத்ததே இல்லை. கண் அங்கே போனால் விரல் இங்கே போகும், அது அவளுக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது.

பிறகு தலைவலி வந்தது. சாதாரணத் தலைவலி என்று மாத்திரை போட்டாள். மாத்திரைக்கு அடங்காமல் போய்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, மூளைக்கு அடியில், கண்ணுக்குப் போகிற நரம்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. அறுத்து எடுக்க முடியாத இடம். டாக்டர் சின்ன வயதுப் பெண், மனசில் பட்டதை மறைக்கத் தெரியாதவர்.

"மருந்து ஏத்திக்கிட்டே வருவோம். கட்டி நரம்பை அழுத்தாம இருக்கிற வரைக்கும் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். பார்வை மங்க ஆரம்பிச்சா..." என்று பேனாவை மூடித் திறந்தார். "அப்புறம் பெருசாப் பிரயோஜனம் இருக்காது. முதல்ல கொஞ்சமாத்தான் மங்கும். உங்களுக்கே தெரியாது."

அக்காவைக் குத்தியது இந்தக் கடைசி வார்த்தைதான். தன் கண்ணுக்குத் தப்புகிற பழுது ஒன்று தன் கண்ணிலேயே வரும் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையை அவள் நம்பவில்லை. "போய்ப் போய் அது மனப்பாடம் ஆயிடுச்சுடா. கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன்" என்றாள். அவள் நம்பியது சனியின் வளையத்துக்கு உள்ளே தெரிகிற அந்தக் கறுப்புச் சந்து ஒன்றைத்தான். வானம் தெளிந்த சாயங்காலம் எல்லாம் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இருக்கு" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத் தம்பி கீழே அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருப்பான்.

மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் சில நாளைக்கு அவள் அவளாக இருக்க மாட்டாள். தண்ணீர்கூடத் தங்காது. முடி போயிற்று, நகம் கறுத்தது. ஒரு நாள் வாந்தி எடுத்துவிட்டு வாளியை ஒதுக்கி வைத்தபடி சொன்னாள்.

"சந்து தெரியற வரைக்கும் ஏத்திக்கறேன். தெரியலேன்னா நிறுத்திடுவேன். அப்புறம் என்னை நீ அங்க இழுத்துட்டுப் போகக் கூடாது. சரியா?"

"சரிக்கா" என்றான். வேறு என்ன சொல்வது?

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அவளை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். வீட்டில் ஈரம் ஊறிச் சுவரெல்லாம் பூஞ்சை. தொலைநோக்கியைக் காற்றாட வைக்கலாம் என்று உறையைப் பிரித்தவன், லென்ஸில் டார்ச் அடித்துப் பார்த்தான். இரண்டு லென்ஸுக்கும் நடுவே, கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு மங்கல் படர்ந்திருந்தது.

கை வைக்கவே வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. ஆனால் அக்கா வந்து இதில் பார்த்தால்? சந்து மங்கலாகத் தெரிந்தால், தன் கண்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாளே. மருந்தை நிறுத்திவிடுவாளே. அந்தப் பயத்தில்தான் அவன் கடையிலிருந்து கருவிப் பையை எடுத்து வந்தான். கழற்றும் ஆசை இல்லாமல் அவன் கழற்றிய ஒரே பொருள் அதுதான்.

கடையில் அவன் அவ்வளவு கவனமாக இருப்பான். கைப்பேசியைத் திறந்தால் ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுப்பான், எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைக்கு என்று குறித்து வைப்பான். இங்கே இருந்ததோ ஒரு வளையமும் இரண்டு லென்ஸும்தான். இதில் குறித்து வைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தான். துடைத்தான், மெல்லிய துணியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு. முன்னால் இருக்கும் லென்ஸ் இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. திரும்பப் பொருத்தினான். வெளியே மழை விடவில்லை. கொஞ்சம் வெளுத்த ஒரு பகலில், கண் வைக்கும் முனையில் செருகுகிற, குறைவாகப் பெரிதாக்கும் ஐபீஸைப் போட்டுத் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தான். அதன்மேல் எழுதியிருந்ததைப் படிக்க முடிந்தது. போதும் என்று உறையைப் போட்டு மூடினான். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சாயங்காலம் வானம் விட்டது. அவளைக் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிப் போனான். அவள் சனியைப் பிடித்து, பெரிதாக்குகிற ஐபீஸை மாற்றி, கண்ணை வைத்தாள். விரல் திருகுக்குப் போயிற்று. வெகுநேரம் பார்த்தாள். குவியத்தை முன்னே தள்ளினாள், பின்னே இழுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த கண்ணை வைத்தாள்.

"நல்லாருக்குடா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். அவளைக் கீழே விடுகிற அவசரத்தில் இந்தப் புத்திசாலி ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

மருந்து ஏற்றப் போக வேண்டிய நாளில் அவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கிளம்பலையாக்கா?"

"போகல." கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சந்து தெரியலடா. பஞ்சு உருண்டை மாதிரி இருந்துச்சு. நீ சரின்னு சொல்லியிருக்கே, ஞாபகம் வச்சுக்கோ."

இருட்டும் வரை அவன் எப்படி இருந்தான் என்று அவனுக்கே தெரியாது. இருட்டியதும் மாடிக்கு ஓடினான். பார்த்தான். பஞ்சு உருண்டை. அவன் கண்ணுக்கும் பஞ்சு உருண்டைதான். மொட்டை மாடியில் தனியாக நின்று அவன் சிரித்தான். ஒரு பொருளைப் பாழாக்கியதற்காக அவன் சந்தோஷப்பட்டது அன்றுதான். படிகளில் உருளாத குறையாக இறங்கி வந்தான்.

"அக்கா, உன் கண்ணு நல்லாருக்கு. நான்தான் லென்ஸைக் கழட்டித் தப்பா மாட்டிட்டேன். எனக்கும் அப்படித்தான் தெரியுது."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரக்கம்தான் இருந்தது.

"அம்மா கடைசியா இருந்தப்ப டாக்டர் சொன்னதை என்கிட்ட மாத்திச் சொன்னவன்தானே நீ? நல்லாயிடுவாங்கன்னு சத்தியம் பண்ணினே."

"அது வேற. இது நிஜம்."

"அப்பவும் இப்படித்தான் சொன்னே."

"டீச்சரை வந்து பாக்கச் சொல்றேன்."

"அவங்களுக்கும் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வருவே. விடுடா, எனக்கு அலுத்துப் போச்சு."

வாழ்நாள் முழுக்கச் சொன்ன பொய்யெல்லாம் சேர்ந்து வந்து, அவன் சொன்ன ஒரே உண்மையின் கழுத்தை நெரித்துவிட்டன. ஒரு வழிதான் மிச்சம். லென்ஸைச் சரிசெய்து, அவளே தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

கடைக்காரருக்குப் போன் செய்தான். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கம் எதுன்னு ஓரத்துல பென்சில்ல குறிச்சு வச்சீங்களா?" என்பது. "இல்லீங்க" என்றான் இவன். அவர் பெருமூச்சு விட்டார். முன் லென்ஸ் திரும்பியிருக்கும் என்றார். இரண்டுக்கும் நடுவே மூன்று இடத்தில் முடி போல மெல்லிய தகடு இருந்திருக்குமே, அது எங்கே என்று கேட்டார். துடைத்த துணியோடு போயிருக்க வேண்டும். அது இல்லாமல் திருப்பிப் போட்டாலும் பயனில்லை, செய்தவர்களுக்கே அனுப்ப வேண்டும், வர நாளாகும் என்றார்.

நாளாயிற்று. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கெஞ்சினான், அழுதான், சாப்பிடாமல் கிடந்து பார்த்தான். டாக்டருக்குப் போன் செய்தால், "அவங்க வராம நான் என்ன செய்ய முடியும்?" என்றார். அக்கா மெலிந்துகொண்டே வந்தாள். டம்ளரைத் தடவி எடுத்தாள். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தையல் வெளியே தெரிய, நாள் முழுக்க இருந்தாள். எல்லாம் பலவீனம் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய் சொல்வதில் அவ்வளவு கைராசி உள்ளவனுக்குத் தன்னையே ஏமாற்றுவதா கஷ்டம்?

ஒருவழியாக லென்ஸ் வந்தது. கடைக்காரரே பொருத்திக் கொடுத்தார். அன்று வானத்தில் துளி மேகம் இல்லை. இருட்டத் தொடங்கியதும் அவன் மாடியில் குழாயை நிறுத்திச் சனியைப் பிடித்தான். பெரிதாக்குகிற ஐபீஸைப் போட்டுக் குவித்தான். வளையம் வந்தது, பந்து வந்தது, நடுவே அந்தக் கறுப்புச் சந்து பிளேடால் கீறியது போல வந்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு கீழே ஓடினான்.

"வாக்கா. ஒரே ஒரு தடவை. இது தெரியலேன்னா இனி நான் இதைப் பத்திப் பேச மாட்டேன்."

அவள் சுவரைப் பிடித்து எழுந்து, "சரி, வா" என்றாள்.

நாலு படிக்கு ஒரு தடவை உட்கார்ந்துகொண்டாள். திருப்பத்தில் வெகுநேரம் சுவரில் சாய்ந்திருந்தாள். அவன் அவசரப்படுத்தவில்லை. மாடிக்கு வந்ததும் ஸ்டூலில் உட்கார வைத்து, முகத்தை மெதுவாகக் கண் வைக்கும் இடத்துக்கு நகர்த்திவிட்டான். அவள் இரண்டு கையும் மடியில் கிடந்தன.

"தெரியுதாக்கா?"

அவள் முகத்தை இன்னும் கொஞ்சம் குழாயோடு ஒட்டினாள்.

"தெரியுதுடா."

"சந்து?"

"தெரியுது. கறுப்பா, கத்தரிக்கோலால வெட்டின மாதிரி." முகத்தை எடுத்து அவன் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "நீ சொன்னது நிஜம்தான். நான்தான் நம்பல."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"போலாம்."

அவனுக்குத் தானும் ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது, இரண்டு பேரும் ஒன்றையே பார்த்தோம் என்று இருக்க வேண்டும் போலிருந்தது. அவளைத் தாண்டிக் குனிந்து கண்ணை வைத்தான்.

வட்டம் காலியாக இருந்தது.

இப்போதுதான் ஓடியிருக்கும் என்று முதலில் நினைத்தான். திருகை நகர்த்தினான். சனி வரவில்லை. இன்னும் நகர்த்தினான். நகர்த்திக்கொண்டே போன பிறகுதான் அது ஓரத்தில் எட்டிப் பார்த்தது, அதே சந்தோடு. அவன் கீழே இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே அது போயிருக்க வேண்டும். அவள் படியில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் இங்கே வெறும் இருட்டுத்தான் இருந்திருக்கிறது. சந்தோஷத்தில் அவன் அதைத் திரும்பப் பிடித்து வைக்க மறந்துவிட்டான். கண் இருந்திருந்தால் அவள், "எங்கடா, காணோம்?" என்று கேட்டிருப்பாள். அவள் கை தானாகத் திருகுக்குப் போயிருக்கும். போகவில்லை. மடியிலேயே கிடந்தது. வெறும் கறுப்பு வட்டத்தைப் பார்த்து, மனப்பாடமாக இருந்ததை அவனுக்காக ஒப்பித்திருக்கிறாள், அந்தச் சுவர்ப் பலகையைப் போல.

எப்போது போயிற்று? பஞ்சு உருண்டை தெரிந்த அந்தச் சாயங்காலமே, லென்ஸ் மட்டுமல்லாமல் கண்ணும் மங்கித்தான் இருந்ததா? அல்லது மருந்து இல்லாமல் கிடந்த இந்த நாட்களில், அவன் கழற்றி மாட்டிய ஒரு கண்ணாடியால் போயிற்றா? அக்காவிடம் கேட்டால் இனி உண்மை வராது. டாக்டரிடம் கேட்கலாம். அவரும் பேனாவை மூடித் திறப்பார். இனி எவ்வளவு மருந்து ஏற்றினாலும் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அவனுக்காக நாளைக்கு வருகிறேன் என்கிறாள், அந்த வாளியையும் வாந்தியையும் அவனுக்காக இன்னொரு தடவை.

"என்னடா பேச்சே காணோம்?" என்றாள் அக்கா. குரலில் அவனைக் குஷிப்படுத்துகிற ஒரு துள்ளல் இருந்தது. "நகரு, இன்னொரு தடவை பாக்கறேன்."

அவளை அந்தக் குழாயில் மறுபடி கண் வைக்க விட அவனால் முடியவில்லை. இன்னொரு தடவை அவள் அதை ஒப்பிப்பதைக் கேட்டால் அவன் அங்கேயே உடைந்துவிடுவான்.

"மேகம் வந்துடுச்சுக்கா" என்றான். "எல்லாம் மூடிடுச்சு."

அக்கா முகத்தைத் தூக்கி மேலே பார்த்தாள். அந்த மழைக்காலத்துக்கே இல்லாத தெளிவு. மாடிக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, கூரைகளுக்கு மேலே, எங்கே பார்த்தாலும் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. அவள் நிதானமாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பார்த்தாள்.

"ஆமாண்டா, நல்லா மூடிடுச்சு" என்றாள். "வா, கீழ போலாம்."